பூஜ்யம் கொடுத்த மரம்: ஹெப்டேன், ஆக்டேன் எண், ஈயம்

இந்த எபிசோட் ஒரு கேள்வியில் இருந்து வந்தது. "பெட்ரோல் பங்க்ல 91, 95-னு போட்டிருக்காங்களே, அது எதோட அளவு? 91 சதவீதம் என்ன இருக்கு அதுல?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். எளிமையான கேள்விதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் கலிஃபோர்னியா மலைக்காடு, அமெரிக்க உள்நாட்டுப் போர், ஒரு தொழிற்சாலையில் நடந்த மரணங்கள், இரண்டாம் உலகப் போர், கடைசியில் சென்னைக் குழந்தைகளின் ரத்தம் வரைக்கும் போக வேண்டியிருக்கு. பொறுமையா வாங்க.

முதலில் நேரடிப் பதில். 91 ஆக்டேன் பெட்ரோலில் எதுவும் 91 சதவீதம் இருக்கணும்னு அவசியம் இல்லை. அது ஒரு ஒப்பீடு. ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்தை 91 பங்கும், ஹெப்டேன் என்ற திரவத்தை 9 பங்கும் கலந்தால் அந்தக் கலவை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ, அதே மாதிரி இந்தப் பெட்ரோலும் நடந்துகொள்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் இது ஒரு பெஞ்ச்மார்க் ஸ்கோர். 100 வாங்கிய மாணவன் ஐசோ-ஆக்டேன். பூஜ்யம் வாங்கிய மாணவன் ஹெப்டேன். மற்ற எல்லாரும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் மார்க்.

எல்லாரும் 100 வாங்கியவனைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்னைக்குப் பூஜ்யம் வாங்கியவனைப் பற்றிப் பேசப் போறேன்.

நேராக நிற்கும் சங்கிலி

ஹெப்டேன் ஒரு ஆல்கேன். அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள, ஒற்றைப் பிணைப்புகளால் மட்டுமே ஆன ஹைட்ரோகார்பன். ஏழு கார்பன், பதினாறு ஹைட்ரஜன். நிறமில்லாத, தண்ணீரை விட லேசான, தண்ணீரில் கரையாத திரவம். 98.4 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மைனஸ் 90 டிகிரி வரை போனால்தான் உறையும். ஏழு கார்பனை ஒன்பது விதமாக அடுக்கலாம். நாம் பேசுவது அதில் ஒரு விதம் மட்டும்: கிளையே இல்லாமல், பூச்சரம் மாதிரி வரிசையாக ஏழும் நிற்கிற "நார்மல் ஹெப்டேன்".

ஐசோ-ஆக்டேனும் ஆல்கேன்தான். எட்டு கார்பன். ஆனால் வரிசையில் ஐந்துதான் நிற்கும், மீதி மூன்று கிளைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டையான, கிளைகள் அடர்ந்த ஒரு செடி மாதிரி. இது 99.2 டிகிரியில் கொதிக்கும். கவனிச்சீங்களா? இரண்டுக்கும் கொதிநிலை வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் தீப்பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையைப் பாருங்க. ஹெப்டேன் 200 டிகிரியைத் தாண்டியதுமே பற்றிக்கொள்ளும். ஐசோ-ஆக்டேனுக்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டும். காரணம் வடிவம்தான். சூடும் அழுத்தமும் ஏறும்போது ஆக்சிஜன் வந்து சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். சங்கிலி நீளமாக, நெளியக்கூடியதாக இருந்தால், ஒட்டிய அந்த ஆக்சிஜன் வளைந்து போய் அதே சங்கிலியின் இன்னொரு இடத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். அந்த இடத்தில் இன்னொரு ஆக்சிஜன் வந்து உட்காரும். பிறகு உடைந்து, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக வினை பெருகும். ஐசோ-ஆக்டேனில் கிளைகள் குறுக்கே நிற்கின்றன, அவற்றின் ஹைட்ரஜன்களைப் பறிப்பதும் கஷ்டம். அதனால் அது பொறுமைசாலி.

ஒரு வேடிக்கை சொல்றேன். கிளை இல்லாத நேரான ஆக்டேன் ஒன்று இருக்கிறது. அதன் ஆக்டேன் எண் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸில்! பெயரில் ஆக்டேன் இருந்து பிரயோஜனம் இல்லை. கிளை இருக்கணும்.

டர்பன்டைன் காய்ச்சியவர்கள்

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அப்போது டர்பன்டைன் ஒரு முக்கியமான சரக்கு. பைன் மரத்தில் கீறல் போட்டு, வடியும் பிசினைச் சேகரித்து, சாராயம் காய்ச்சுவது போலக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். பெயின்டுக்கு, விளக்குக்கு, கப்பல் வேலைக்கு எல்லாம் அதுதான். அமெரிக்காவின் டர்பன்டைன் பெரும்பாலும் வட கரோலினா போன்ற தென்மாநிலங்களில் இருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது.

கலிஃபோர்னியாவிலும் பைன் காடுகள் நிறைய. அங்கேயே பிசின் எடுக்க ஆரம்பித்தார்கள். சியரா நெவாடா மலைகளில் பாண்டரோசா பைன் என்று ஒரு மரம். அதன் பிசினைக் காய்ச்சினால் நல்ல டர்பன்டைன் வரும். ஆனால் அதே மலைகளில், அதே மாதிரியே தோற்றத்தில், ஜெஃப்ரி பைன் என்று இன்னொரு மரமும் நிற்கிறது. ஜான் ஜெஃப்ரி என்ற ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளரின் பெயர் அது. எடின்பரோவில் இருந்த ஒரு சங்கம் 1850-ல் விதை சேகரிக்க அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1854-ல் அவர் காணாமல் போனார். என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மரம் மட்டும் அவர் பெயரோடு நிற்கிறது.

இரண்டு மரத்துக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. காயைக் கையில் எடுத்துப் பிடித்தால் பாண்டரோசாவின் முட்கள் வெளிப்பக்கம் நீட்டிக் குத்தும். ஜெஃப்ரியின் முட்கள் உள்பக்கம் வளைந்திருக்கும், குத்தாது. இன்னொரு வழி, பட்டையின் பிளவில் மூக்கை வைத்து முகர்வது. ஜெஃப்ரி பைனில் வெனிலா மாதிரி, அன்னாசி மாதிரி ஒரு வாசனை வரும்.

இதெல்லாம் தெரியாத வேலையாட்கள் இரண்டு மரத்தின் பிசினையும் ஒன்றாகக் கொட்டிக் காய்ச்சினார்கள். வடிகலன்கள் வெடித்தன. ஏன்னு அப்போ புரியலை. இப்போது புரிகிறது: ஜெஃப்ரி பைன் பிசினில் இருந்து வடிவது டர்பன்டைனே இல்லை, கிட்டத்தட்ட முழுவதும் ஹெப்டேன். டர்பன்டைன் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஹெப்டேன் 98-லேயே கொதிக்கும். டர்பன்டைனின் ஆவி பற்றிக்கொள்ள அது 30 டிகிரிக்கு மேல் சூடாகணும். ஹெப்டேனுக்கு மைனஸ் 4 டிகிரியே போதும். அதாவது பனிக்காலத்தில், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, அதன் ஆவி நெருப்புக்குத் தயாராக இருக்கிறது. டர்பன்டைனுக்குப் போடும் விறகைப் போட்டு அடியில் எரித்தால் என்ன ஆகும்?

வேதியியல் இதைப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. கலிஃபோர்னியாவின் இன்னொரு பைன் மரத்தில் இருந்தும் இதே திரவம் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் துணியில் எண்ணெய்க் கறை போக்க அதை விற்றுக்கொண்டிருந்தார்கள். 1872-ல் வென்செல் என்பவர் அதை ஆராய்ந்து "அபியெட்டீன்" என்று பெயர் வைத்தார். 1879-ல் இங்கிலாந்தில் டி. இ. தோர்ப், இது வேறொன்றும் இல்லை, நார்மல் ஹெப்டேன்தான் என்று நிறுவினார். பெட்ரோலியத்தில் இருக்கும் பொருளை ஒரு மரம் தயாரிக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம்.

மரம் எதுக்கு இதைத் தயாரிக்கணும்? எட்டு கார்பன் உள்ள கொழுப்பமிலச் சங்கிலியில் இருந்து மரம் ஒரு கார்பனைக் கழற்றி ஏழாக ஆக்குகிறது. பட்டையைத் துளைக்கும் வண்டுகளுக்கு எதிராக இது ஒரு தற்காப்பு. பாண்டரோசாவைத் தாக்கும் வண்டுகள் ஜெஃப்ரி பைன் பக்கம் வருவதில்லை. ஆனால் ஜெஃப்ரி பைனுக்கு என்றே ஒரு வண்டு இருக்கிறது. அது ஹெப்டேனுக்குப் பழகிவிட்டது. பழகியது மட்டும் இல்லை, மற்ற வண்டுகளைக் கூப்பிடும் சமிக்ஞையிலும் அதே ஹெப்டேன் பங்கு வகிக்கிறது. பாதுகாப்புக்கு வைத்த பூட்டையே ஒருத்தன் முகவரிப் பலகையாக ஆக்கிக்கொண்ட மாதிரி.

இன்ஜினுக்குள் கேட்ட தட்டல்

இப்போ ஐம்பது வருஷம் தாண்டுவோம். பைக் ஓட்டுபவர்களுக்கு நாக்கிங் தெரிந்திருக்கும். மேட்டில் ஏறும்போது டாப் கியரில் முறுக்கினால் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல் ஒரு சத்தம். ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேர்வதற்கு முன்பே, மறு ஓரத்தில் நசுங்கிச் சூடான கலவை தானாகவே மொத்தமாக வெடித்தால் வருவதுதான் அந்தச் சத்தம். நீடித்தால் பிஸ்டனே போய்விடும்.

இதன் விளைவு பெரியது. கலவையை எவ்வளவு அதிகமாக அமுக்குகிறோமோ அவ்வளவு அதிக வேலையை அதே பெட்ரோலில் இருந்து எடுக்கலாம். ஆனால் அமுக்கினால் நாக்கிங் வரும். அதனால் ஃபோர்டு மாடல் டி காரின் அமுக்க விகிதம் சுமார் 4-க்கு 1 என்ற அளவிலேயே நின்றது. அந்தக் காலத்தில் பெட்ரோலியம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயமும் அமெரிக்காவில் இருந்தது. ஒரு லிட்டரில் இன்னும் அதிக தூரம் போக வேண்டும் என்றால் நாக்கிங்கை ஒழிக்க வேண்டும்.

சார்லஸ் கெட்டரிங், காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர், இந்தப் பிரச்னையைத் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினியரிடம் கொடுத்தார். மிட்ஜ்லி படித்தது மெக்கானிக்கல், கெமிஸ்ட்ரி இல்லை. பனிக்கடியில் பூக்கும் ஒரு செடியின் இலை சிவப்பாக இருப்பதால் அது சூட்டை நன்றாக உறிஞ்சுகிறது என்று ஒரு எண்ணம். அப்போ எரிபொருளையும் சிவப்பாக்கினால்? கையில் கிடைத்த அயோடினைப் போட்டுப் பார்த்தார்கள். நாக்கிங் குறைந்தது! பிறகு மற்ற சிவப்புச் சாயங்களைப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் நாக்கிங்குக்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயோடின். தப்பான காரணத்துக்காகப் போட்ட கோடு சரியாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

ஆனால் அந்தத் தற்செயல் ஒரு கதவைத் திறந்தது: சிறிதளவு ஒரு பொருளைக் கலந்தால் நாக்கிங்கை அடக்கலாம். வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா-எத்தில் ஈயம் என்ற கரிம ஈயச் சேர்மம் கிடைத்தது. ஒரு கேலனுக்குச் சில மில்லி லிட்டர் போதும்.

எத்தனாலும் நாக்கிங்கை அடக்கும் என்பது அப்போதே தெரியும். மிட்ஜ்லிக்கும் தெரியும். ஆனால் எத்தனாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதோடு அதைச் சதவீதக் கணக்கில் கலக்கணும். ஈயம் துளிக்கணக்கில் போதும், காப்புரிமையும் உண்டு. 1923 பிப்ரவரியில் ஓஹியோவின் டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. விற்ற பெயர் "எத்தில்". அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை. ஈயம் விஷம் என்பது பல நூறு ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதுதான் காரணம்.

1924-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் நிறுவனத்தைத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் பேவே ஆலையில் ஈயச் சேர்மம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தப்பிரமை பிடித்தது. ஐந்து பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். பத்திரிகைகள் அதைப் பைத்தியக்கார வாயு என்று எழுதின. டீப்வாட்டரில் இருந்த இன்னொரு ஆலைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் வண்ணத்துப்பூச்சி வீடு. இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டு திரிந்தவர்கள் வைத்த பெயர் அது. அந்த அக்டோபர் முடிவதற்குள் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அதே திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் காட்டினார், ஒன்றும் ஆகாது என்று. அதற்கு முந்தைய வருஷம் ஈய விஷத்துக்கு ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போய் வந்தவர் அவர்.

1925 மே மாதம் அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடி ஆலிஸ் ஹாமில்டனும், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்த்துப் பேசினார்கள். கமிட்டி சில மாதங்கள் ஆராய்ந்துவிட்டு, தடை செய்யப் போதிய ஆதாரம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது. 1926-ல் விற்பனை மறுபடி தொடங்கியது.

பூஜ்யம் தேடியவர்

அதே 1926-ல், அதே எத்தில் நிறுவனத்தில், கிரகாம் எட்கர் என்ற வேதியியலாளர் வேறொரு பிரச்னையோடு உட்கார்ந்திருந்தார். எந்தப் பெட்ரோல் நல்ல பெட்ரோல் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு இன்ஜினில் சோதித்து ஒவ்வொரு எண் சொன்னது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ டொலுயீனை வைத்து ஒரு அளவுகோல் போட்டிருந்தார். "என் கம்ப்யூட்டரில் ஓடுதே" என்று ஆளாளுக்குச் சொல்லும் நிலைமைதான்.

எட்கரின் யோசனை எளிது. யார் எப்போது தயாரித்தாலும் ஒரே மாதிரி இருக்கக்கூடிய இரண்டு தூய பொருட்கள் வேண்டும். ஒன்று, அன்றைய எந்தப் பெட்ரோலை விடவும் மோசமாகத் தட்ட வேண்டும். மற்றது, எந்தப் பெட்ரோலை விடவும் நன்றாகத் தாங்க வேண்டும். நல்லதை அவரே ஆய்வகத்தில் செய்தார். அதுதான் ஐசோ-ஆக்டேன். மோசமானதற்கு ஹெப்டேன். இரண்டும் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதால், எந்த விகிதத்தில் கலந்தாலும் ஆவியாகும் தன்மை மாறாது. மாறுவது தட்டும் தன்மை ஒன்றுதான். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சுத்தமான சோதனை.

ஆனால் தூய ஹெப்டேனுக்கு எங்கே போவது? பெட்ரோலியத்தில் ஹெப்டேன் இருக்கிறது. கூடவே ஒரு டிகிரி, அரை டிகிரி வித்தியாசத்தில் கொதிக்கும் எத்தனையோ கூட்டாளிகளும் இருக்கிறார்கள். அவற்றைப் பிரிப்பது அன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரும்பாடு. மரத்துக்கு அந்தப் பிரச்னை இல்லை. ஜெஃப்ரி பைன் அந்த நேரான சங்கிலி ஒன்றைத்தான் செய்கிறது, கிளைபோட்ட ஐசோமர்களைச் செய்வதில்லை. டர்பன்டைன்காரர்களின் வடிகலனை வெடிக்க வைத்த அதே குணத்தால், அந்த மரத்தின் பிசின் உலகின் எரிபொருள் அளவுகோலுக்குப் பூஜ்யப் புள்ளியானது.

அளவுகோல் கிடைத்தால் போதாது, எல்லாருக்கும் ஒரே இன்ஜின் வேண்டும். எண்ணெய் நிறுவனங்களும் கார் நிறுவனங்களும் சேர்ந்த ஒரு கூட்டுக் குழு கேட்டுக்கொண்டபடி, விஸ்கான்சினில் இருந்த வாகேஷா நிறுவனம் 1928-29-ல் ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்றைக் கட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றலாம். ரிசர்ச் ஆக்டேன் எண் பார்க்க நிமிடத்துக்கு 600 சுற்று. மோட்டார் ஆக்டேன் எண் பார்க்க 900 சுற்று. பெட்ரோலை ஊற்றி, குறிப்பிட்ட அளவு நாக்கிங் வரும் வரை அமுக்கத்தைக் கூட்டுவார்கள். பிறகு எந்த ஹெப்டேன், ஐசோ-ஆக்டேன் கலவை அதே அளவு தட்டுகிறது என்று பார்ப்பார்கள். அந்த இன்ஜினின் வாரிசுகள்தான் இன்றைக்கும் ஆக்டேன் எண்ணைத் தீர்மானிக்கின்றன. நூறு வருஷத்தை நெருங்கும் டெஸ்ட் சூட் அது.

ஒரு எண் கிடைத்துவிட்டால் அதைத் துரத்த ஆட்கள் வந்துவிடுவார்கள். 1930-களில் ஷெல் நிறுவனத்தில் இருந்த விமானி ஜிம்மி டூலிட்டில் 100 ஆக்டேன் விமான எரிபொருள் வேண்டும் என்று வாதாடினார். ரஷ்யாவில் இருந்து வெளியேறிய விளாதிமிர் இபாட்டியெஃப், அவரோடு வேலை செய்த ஹெர்மன் பைன்ஸ், பிரான்சில் இருந்து வந்த யூஜீன் ஹூத்ரி ஆகியோர் கிளைகள் நிறைந்த ஹைட்ரோகார்பன்களை ஆலை அளவில் செய்ய வழி கண்டார்கள். 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 87-ல் இருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை ஆறேகால் பவுண்டில் இருந்து 12 பவுண்டுக்கு உயர்த்த முடிந்தது. வானத்தில் உயிர் தப்ப அது உதவியது. அந்த 100-க்குள்ளும் ஈயம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

அளக்காமல் விட்டது

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இந்த இடம்தான். எட்கரின் அளவுகோல் அருமையான வேலை. நேர்மையான வேலை. ஆனால் அது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: தட்டுதா, தட்டலையா? அந்தக் கேள்விக்கு ஈயம் அற்புதமான பதில். பங்க்கில் எண் ஏறும், இன்ஜின் அமைதியாகும், வாங்குபவருக்குக் காதால் கேட்டே வித்தியாசம் தெரியும். புகைக்குழாய் வழியாக வெளியே போன ஈயத்துக்கு எந்தப் பலகையிலும் எண் இல்லை. என் துறையில் டாஷ்போர்டில் இருப்பதைத்தான் எல்லாரும் சரிசெய்வார்கள். டாஷ்போர்டில் இல்லாதது யார் தலையிலாவது போய் விழும்.

அதை அளந்தவர் வேறு வேலையாக வந்தவர். கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட ஈய ஐசோடோப்புகளை அளந்துகொண்டிருந்தார். 1956-ல் 455 கோடி ஆண்டுகள் என்ற கணக்கை வெளியிட்டார். அதற்காக வெளி ஈயம் புகாத ஆய்வகத்தையே கட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் எங்கே பார்த்தாலும் ஈயம். அது எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தார். கடலின் மேல்மட்டத்தில் ஆழத்தை விட ஈயம் அதிகம். கிரீன்லாந்தின் பனியடுக்குகளில் சமீப காலத்து அடுக்குகளில் அதிகம். 1965-ல் அவர் இதை வெளிப்படையாக எழுதினார். ஈயத் தொழிலின் நிபுணராக நாற்பதாண்டு இருந்த ராபர்ட் கிஹோ, உடம்பில் ஈயம் இருப்பது இயற்கை என்று சொல்லிவந்தார். இருந்தது உண்மை, ஆனால் அது இயற்கை இல்லை என்று காட்டினார் பேட்டர்சன். 1971-ல் காற்றில் உள்ள ஈயத்தைப் பற்றி அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அமைத்த குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஈயத்தைத் தள்ளியதில் இன்னொரு காரணமும் இருந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் கொன்றுவிடும். 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது, ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. அதன் ஆரம்ப வடிவம் ஒன்றை 1950-களிலேயே செய்தவர், உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு வழி கண்ட அதே யூஜீன் ஹூத்ரி. 1976-க்கும் 1980-க்கும் நடுவில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்த வளைகோடும் ரத்தத்தில் குறைந்த வளைகோடும் ஒட்டிக்கொண்டு இறங்கின.

நம்ம கணக்கு என்ன? 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில், கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000-ம் ஆண்டில். நான் பிறந்தது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில். என் வயதுக்காரர்கள் இந்தியாவில் ஈயப் புகையைச் சுவாசித்த கடைசிக் குழந்தைகள். ஆனால் கடைசி என்று சொல்லி முடித்துவிட முடியாது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரி ஈயம் 11 மைக்ரோகிராமுக்கு மேல். கவலைக்குரிய எல்லை என்று அன்றைக்கு வைத்திருந்ததே 10 தான். ஈயம் கூடிய குழந்தைகளிடம் கவனக்குறைவு போன்ற நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன. பெட்ரோலில் ஈயம் நின்று சில வருடங்களுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. ஈயம் அழியாது. ஒருமுறை காற்றில் விட்டது மண்ணில் இறங்கி அங்கேயே உட்காரும். பெயின்ட், பேட்டரி என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில் நிறுத்தியது. 1923 பிப்ரவரியில் இருந்து எண்ணினால் 98 வருஷம்.

இப்போது நம் பங்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. மைலேஜ் குறையுது, பழைய வண்டிக்கு ஒத்துக்கலை என்று புகார்கள் இருக்கின்றன, அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும், அது நாக்கிங்கை அடக்கும் என்பது மிட்ஜ்லியின் மேஜையிலேயே இருந்த செய்தி. நூறு வருஷம் சுற்றிவிட்டு அங்கேதான் வந்திருக்கிறோம்.

கேள்வி கேட்ட நேயருக்கு இன்னொரு தடவை சுருக்கமா: 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்குச் சமமாக நாக்கிங்கைத் தாங்கும். அந்த 9 பங்குக்கான அளவுகோலை முதலில் கொடுத்தது ஒரு பைன் மரம். உங்கள் பெட்ரோலைப் பற்றி அந்த எண் சொல்வது அவ்வளவுதான். மைலேஜைச் சொல்லாது, புகையில் என்ன வருகிறது என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேற கேள்வி கேட்கணும், வேற ஆளும் கேட்கணும்.

கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.